இருபத்தெட்டுக் கால்கள்

தக்கலையில் வெல்டிங் பட்டறை நடத்தும் ஜெஸ்பினுக்கு அதுவரை வந்த வேலையெல்லாம் வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான். கன்னியாகுமரியில் புதிதாக லாட்ஜ் கட்டிய தாணு, வரவேற்பறைச் சுவர் முழுக்க ஏழு குதிரைகள் ஓட வேண்டும் என்று கேட்டபோது அவள் தயங்கவில்லை.

"செய்யலாம் அண்ணாச்சி. ஆனா இரும்பு வேண்டாம், உப்புக்காத்துல துரு தின்னுரும். எவர்சில்வர் தகட்டுல செய்வோம்."

அவர் ஒரு காலண்டர் படம் கொடுத்தார். முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, அந்தரத்தில் பறக்கும் வெள்ளைக் குதிரைகள். அதைப் பார்த்தே ஜெஸ்பின் ஒரு மாதத்தில் வெட்டி, வளைத்து, பற்றவைத்து முடித்தாள். பிடரிமயிருக்கு மட்டும் குதிரைக்கு அறுபது கம்பி. எல்லாவற்றையும் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட ஓடவில்லை. துணிக்கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கின. பிழை எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

மறுநாள் மாலை பஸ் ஏறிக் கன்னியாகுமரி கடற்கரைக்குப் போனாள். சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்திக் கூட்டிப்போகும் இசக்கியிடம் போனில் தன் குதிரைகளைக் காட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தலை நல்லாருக்கு. காலுதான்... இப்படி எந்தக் குதிரையும் ஓடாது பிள்ளே."

"பொறவு எப்படி ஓடும்?"

"சொன்னா வெளங்காது. பாரு."

கூட்டம் இல்லாத பக்கமாகத் தன் பெட்டைக் குதிரையைக் கொண்டுபோய், ஏறி விரட்டினார். ஜெஸ்பின் மணலில் முட்டுக்குத்தி உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். அதை மெல்ல ஓடவிட்டுப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. நான்கு காலும் தரையை விட்டு எழும்பும் அந்த நொடியில் அவை நீளவே இல்லை. வயிற்றுக்கடியில் ஒன்றாக மடங்கிக் கிடந்தன. அடுத்த பாய்ச்சலுக்கான வேகமெல்லாம் அந்த மடிப்புக்குள் இருந்தது.

திறப்புவிழாவுக்கு ஒன்பது நாள்தான். பட்டறைக்கு வந்ததும் கிரைண்டரை எடுத்து ஏழு குதிரைகளின் இருபத்தெட்டுக் கால்களையும் அறுத்துத் தள்ளினாள். பார்த்துவிட்டவளுக்கு என்ன பயம்? அடுத்தடுத்த நாட்களில் மடங்கிய கால்களைப் புதிதாக வெட்டிப் பற்றவைத்தாள்.

சுவரில் மாட்டும் அன்று தாணு முகத்தைச் சுளித்தார். "என்ன மக்கா, படத்துல கால நீட்டிட்டுல்லா இருந்து?"

"படம் வரைஞ்சவரு குதிரை ஓடிப் பாத்திருக்க மாட்டாரு அண்ணாச்சி. நான் பாத்தேன். ஒரு வாரம் கிடக்கட்டும். பிடிக்கலேன்னா நானே கழத்திட்டுப் போறேன்."

திறப்புவிழாவுக்கு இசக்கியும் வந்தார். கால் மணலை வாசலில் தட்டிவிட்டு, குதிரை குதிரையாக நின்று பார்த்தார்.

"மூணாவது கொஞ்சம் வயசான குதிரை," என்றார். "பிந்துது பாத்தியா?"

ஜெஸ்பின் அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு அது அப்படித்தான் தெரிந்தது.

அந்நேரம் பெட்டியோடு உள்ளே நுழைந்த ஒரு ஆள், சுவரைப் பார்த்ததும் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டு நின்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டார். கவுண்டரில் நின்ற தாணு அதைக் கவனித்தார். சற்றுப் பொறுத்து ஜெஸ்பின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாடியில ஒரு சுவர் சும்மா கிடக்கு மக்கா. என்ன வைக்கணும்னு நீயே சொல்லு."

அவள் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு படியேறினாள்.