பதினோரு படம் தாமதம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பட்டாசு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு என் காதில் விழும்படிதான் சொல்வார்கள். ஆனால் நான் பார்ப்பதோ பொறுமையான வேலை. ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்தபடி ஒரு கதையைக் கேட்பவர்களின் மூளை எந்த நொடியில் எங்கே சுறுசுறுப்பாகிறது என்று கணக்குப் போடுவது. குளித்துவிட்டுத் துண்டோடு வாசலுக்கு வந்தவன் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும் கதை அது. அந்த இடம் வந்ததும், கணினித் திரையில் கேட்ட இருபது பேரின் மூளைக் கோடும் ஒன்றாக ஏறும். கதை புரியாத மூளையின் கோடு தன்பாட்டுக்கு அலையும்.

இருபத்தோராவது ஆள் என் அண்ணன். விபத்துக்குப் பிறகு எட்டு மாதமாகக் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறான். பேச்சில்லை, விரல்கூட அசையாது. அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுவார். அவனுக்குப் புரிகிறதா என்று கேட்டால் மருத்துவர்கள் மழுப்பினார்கள். அதற்காகத்தான் இந்த ஸ்கேன். சொந்தக்காரர்களின் ஸ்கேனை நான் தொடக்கூடாது என்பது விதி. தானும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, தலைமை மருத்துவர் மனமிரங்கி அனுமதித்தார்.

மூன்று நாள் முட்டி மோதினேன். கதவு சாத்தும் இடத்தில் இருபது கோடும் ஏற, அண்ணனுடையது அப்படியே படுத்துக் கிடந்தது. அப்புறம் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் ஏறியது. கணினியைத் திட்டினேன், நாற்காலியைத் திட்டினேன், கடைசியில் அழுதேன்.

மாலை அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி அவனுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஒண்ணும் இல்லையா?"

"இல்ல அண்ணி."

ஒரு கால்தான் முடிந்திருந்தது. நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ இத்தனை நாளா சுவத்துகிட்டதான் பேசிட்டிருந்தேனா? சரி விடு. இனிமே வாயை மூடிக்கறேன்."

அண்ணி வாயை மூடினால் அண்ணன் நிஜமாகவே செத்துப்போவான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஸ்கேன் எடுத்த அன்னிக்குக்கூட மைக்ல சொன்னேனே," என்றார். "பயப்படாதீங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கறேன், எங்கயும் போகமாட்டேன்னு. அதுவுமா புரியல?"

"எப்போ சொன்னீங்க?"

"மெஷின் கடகடன்னு ஓட ஆரம்பிச்சதும். நான் பேசி முடிச்சப்புறம்தானே கதையே வந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இயந்திரம் மூளையை முதல் படம் எடுக்கும்போதே கதையும் தொடங்கியாக வேண்டும். என் மொத்தக் கணக்கும் அதை நம்பித்தான் நிற்கிறது. ஸ்கேன் எடுப்பவரை உடனே போனில் பிடித்தேன்.

"அவங்க அழுதாங்க மேடம், எப்படி நிறுத்தச் சொல்றது? பதினோரு படம் ஓடினப்புறம்தான் கதையைப் போட்டேன்."

"அதை ஏன்யா குறிப்புல எழுதல?"

"நீங்க கத்துவீங்கன்னு..."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். போனை வைத்துவிட்டேன். என் கோபத்துக்குப் பயந்து எழுதாமல் விட்ட ஒரு வரியால் அண்ணனையே செத்தவனாக்கப் பார்த்தேன்.

இரண்டு நொடிக்கு ஒரு படம். மறுநாள் காலை அவன் கோட்டை இருபத்திரண்டு நொடி முன்னால் இழுத்தேன். கதவு சாத்தியது, இருபது பேரோடு அண்ணனும் ஏறினான். துண்டுக்காரன் பக்கத்து வீட்டு மணியை அடித்தபோது மறுபடி ஏறினான். தலைமை மருத்துவரும் போட்டுப் பார்த்தார். "எழுந்து பேசுவாரான்னு இது சொல்லாது. ஆனா கதை அவருக்குப் புரியுது," என்றார். எனக்கு அது போதும்.

ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். சந்தோஷத்தில் குதிப்பார் என்று பார்த்தால், கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் பேசினது எல்லாமே புரிஞ்சிருக்கா?"

"புரிஞ்சிருக்கும் அண்ணி."

"உங்க குடும்பத்தையே திட்டினது?"

"அதுவும்தான்."

"இப்படிக் கிடக்கறதுக்கு நீங்க போய்ச் சேர்ந்திருக்கலாம்னு ஒருநாள் சொல்லிட்டேனே, அது?"

அண்ணி குனிந்து அண்ணன் காதோடு வாயை வைத்தார்.

"அது மட்டும் பொய்ங்க. மத்ததெல்லாம் நிஜமாத்தான் திட்டினேன்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகவெட்டியைத் தேடி எடுத்து, அவனுடைய அடுத்த காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.