நீக்கப்பட்ட நான்கு படங்கள்

நான் குறித்துக் கொடுத்த தேதியில், நான் ஆராயும் அந்த நட்சத்திரக் கூட்டம் பளீரென்று எரியவில்லை என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தேநீர் எடுக்கப் போனால் பேச்சு நிற்கிறது. வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அந்த கேலக்ஸியின் நடுவில் இருப்பது ஒரு கருந்துளை அல்ல, இரண்டு என்பது என் கட்சி. பெரியதைச் சுற்றி வட்டமாக வாயுத் தட்டு. பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை சின்னது அந்தத் தட்டைக் கிழித்துக்கொண்டு போகும்; அப்போது இரண்டு நாள் பளீரென்று எரியும். எங்கள் துறைத்தலைவருக்கு ஒன்றே போதும். இருப்பது ஒன்றுதான், அது தன்போக்கில் மினுங்குகிறது என்பார். நான் கணக்குப் போட்டு, மார்ச் பதினாறு, பதினேழு என்று எழுதிக் கொடுத்தேன். எரிந்தால் என் கட்சி ஜெயிக்கும். இல்லையென்றால் பதினொரு வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளி.

தொலைநோக்கி தானாகப் படம் எடுத்து அனுப்பும். வரும் படங்களைச் சுத்தம் செய்து தருபவருக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. அவர் தந்த பட்டியலில் அந்த இரண்டு நாளுக்கும் எதுவும் இல்லை. மேகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்; மற்றவர்கள் எரியவே இல்லை என்று முடிவுகட்டினார்கள். ஜூன் பதினேழாம் தேதி, அறிக்கை எழுத உட்கார்ந்தபோது மனசு ஆறாமல், கழித்துப்போட்டவற்றின் பட்டியலைத் திறந்தேன். மார்ச் பதினாறில் இரண்டு வரி, பதினேழில் இரண்டு வரி. வெளிச்சம் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு. எதிரே, ‘நீக்கப்பட்டது.’

சல்லடையின் அறைக்கு ஓடினேன்.

“மூணு மடங்குக்கு மேல போனா மென்பொருளே தூக்கிடும் மேடம். விமானம், செயற்கைக்கோள்னு எத்தனையோ குப்பை வரும்ல.”

“படம் எங்க சார்?”

“தொண்ணூறு நாள்தான் வைப்போம். ரெண்டு மூணு நாள் முன்னாடிதான் அழிஞ்சிருக்கும்.” சற்றுத் தயங்கினார். “பிப்ரவரியிலயே கேட்டேன் மேடம், இதுக்கு மட்டும் விதியைத் தளர்த்தணுமான்னு. வழக்கம்போலவே இருக்கட்டும்னு நீங்கதான் பதில் போட்டீங்க.”

திரையை என் பக்கம் திருப்பினார். நான்தான் போட்டிருந்தேன். உங்களுக்காக விதியை வளைத்தார்கள் என்று தலைவர் நாளைக்கு ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற ரோஷம். யார் மேல் கோபப்படுவது? என் வாயில்தான் மண்.

தலைவர் நான்கு வரிகளையும் பொறுமையாகப் படித்தார். அந்தப் பொறுமையைப் பார்த்தே எனக்கு எரிந்தது.

“படம் இல்லாம இதை வச்சு என்னம்மா எழுதறது? விமானம்னு ஒருத்தன் சொன்னா என்ன பதில் சொல்வீங்க?”

“ரெண்டு நாளும் அதே இடத்துல விமானமா சார்?”

“எந்த இடத்துலன்னு காட்டப் படம் இருக்கா?”

இல்லை. அந்த இரண்டு நாளும் வேறு யாரும் அந்தத் திசையைப் பார்க்கவில்லை என்பதையும் விசாரித்துவிட்டேன். என் மாணவர் யாராவது இப்படி நான்கு வரியோடு வந்து நின்றிருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். அவர் பேச்சில் நியாயம் இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

“அடிக்குறிப்பாவது போடலாமே சார்.”

“குப்பையில பொறுக்கினதுன்னு சிரிப்பாங்க. நாளைக்கு உங்க நல்ல கணக்கையும் நம்ப மாட்டாங்க. வேண்டாம்மா.”

வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்றேன். கணவர் தட்டை என் முன்னால் வைத்தார். “முந்நூத்தம்பது கோடி வருஷம் முன்னாடி நடந்ததுன்னு நீதானே சொல்லுவ. அதுக்கா இப்போ பட்டினி?”

“அடுத்தது பதினொரு வருஷம் கழிச்சு. எனக்கு ஆறு வருஷத்துல ஓய்வு.”

அவர் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். சாப்பாடு ஆறிப்போனது.

மறுநாள் காலை அறிக்கை அச்சாகி மேசைக்கு வந்தது. குறித்த இரு நாட்களிலும் ஒளிர்வு எதுவும் பதிவாகவில்லை. இரட்டைக் கருந்துளை என்ற கருத்துக்கு ஆதாரம் இல்லை. ஆய்வு என்னுடையது என்பதால் முதல் பெயர் என்னுடையது. அது எரிந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். பேனாவைத் திறந்து, எரியவில்லை என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.