விலகிப் போன புயல்

பேர்ளி பெரிய தாச்சிச் சட்டியிலிருந்து கேசரியை அள்ளி, சாப்பிட வந்தவர்களின் தட்டோரத்தில் ஒவ்வொரு கரண்டியாக வைத்துக்கொண்டு போனாள். ஞாயிறு மத்தியானத்தில் பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் இருந்த வாமதேவனின் சாப்பாட்டுக் கடைக்குள் நிற்கவே இடமிராது. "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எங்கட ஆள் தப்பிட்டார்."

அவள் புருஷன் அருட்பிரகாசம் பாரிசில் ஆறு வருடம் ஜன்னல் இல்லாத நிலவறைக் குசினியில் கோப்பை கழுவியவன். முல்லைத்தீவில் கடற்தொழில் செய்தவனுக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை. கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான சென் மார்த்தன் தீவில் ஓட்டல் குசினியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டான். "சுனாமியிலை பட்டது காணாதோ உங்களுக்கு?" என்று இவள் சண்டை பிடித்துப் பார்த்தாள். "அங்கை சமைக்கேக்கை கடல் தெரியுமாம்" என்றான் அவன். அதற்கு மேல் அவனோடு என்ன பேசுவது?

புதன்கிழமை விடிய அந்தத் தீவின் மேல் புயல் ஏறியது. பக்கத்துப் பார்புடாத் தீவைத் தரைமட்டமாக்கிவிட்டு வந்த புயல். இரண்டு நாள் பேச்சு மூச்சில்லை. பேர்ளி வேலைக்கு வந்தாள், ரோல்ஸ் சுற்றினாள், கறிக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் நின்றாள். வெள்ளிக்கிழமை யாருடையதோ தொலைபேசியில் அவன் கூப்பிட்டான். "பேர்ளி, நான்தான். ஓட்டலின்ரை கூரை போயிட்டுது, நான் இருக்கிறன். பிள்ளையிட்டைச் சொல்லு." அவ்வளவுதான், அறுந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தக் கேசரி.

சுவரிலிருந்த தொலைக்காட்சியில் புளோரிடாவின் தென்னைகள் வளைந்துகொண்டிருந்தன. அதே புயல்தான். கியூபாவின் கரையை உடைத்துவிட்டு அங்கே போயிருந்தது. செய்தியும் அதன் பின்னாலேயே போய்விட்டது. சென் மார்த்தனைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை.

அப்போதுதான் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தயானியின் கைபேசி அடித்தது. மகளுக்குப் பதினான்கு வயது. வன்னியிலிருந்து ஏழு வயதில் வந்தவள். வீட்டுக்கு வரும் பிரெஞ்சு அழைப்புகள், கடிதங்கள், டாக்டர் சொல்வது எல்லாமே அவள் வாய் வழியாகத்தான் பேர்ளிக்கு வரும்.

"வுய்… வுய், அவரின்ரை மகள்" என்று பிரெஞ்சில் சொன்ன தயானி, எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

பேர்ளி கரண்டியோடு அப்படியே நின்றாள். மகள் பேசியதில் பெரும்பாலானது அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் 'தெசெதே' என்ற சொல் விளங்கியது. அகதி விண்ணப்பத்தில் இறந்துபோன தன் அம்மாவின் பெயருக்கு நேரே எழுதியிருந்த சொல் அது. பிரெஞ்சில் அவள் முதலில் படித்த சொல்.

"ஆரடி? தயானி, ஆரைச் சொல்லினம்?"

தயானி திரும்பினாள். வாயைத் திறந்தாள். எப்போதும் தண்ணீராய் மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு ஒரு மொழியும் வரவில்லை.

வாமதேவன் தொலைக்காட்சியை நிறுத்தினார். கடையில் இருந்தவர்கள் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. அழைத்தது தீவின் ஆஸ்பத்திரி. இரண்டாவது புயலொன்று வருகிறது என்று சனிக்கிழமை ஊரே பதறியிருக்கிறது. அருட்பிரகாசம் தங்கியிருந்த வீட்டுக்காரி ரோஸ், ஹெயிட்டியிலிருந்து வந்த கிழவி. அவள் வீட்டுக் கூரையில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. மிச்சத்துக்கு மேல் மழை புகாமல் படங்கு விரித்து ஆணி அடிக்க ஏறியவன் காற்று ஒன்று படங்கைத் தூக்கியபோது அதோடு கீழே வந்துவிட்டான். தலை அடிபட்டது.

"அந்தப் புயல்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வரேல்லை" என்றாள் தயானி. "விலத்திப் போயிட்டுதாம்."

பேர்ளி தாச்சியின் மூடியை எடுத்து மூடினாள். பிறகு நிலத்தில் குந்தினாள். பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். ஆனால் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. மறுமுனையில் இருந்தவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. பிரேத அறைக்கு மின்சாரம் இல்லை. விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஒரு கிழமையோ இரண்டோ ஆகலாம். குடும்பம் சம்மதித்தால் நாளை காலை ஒன்பதுக்கு அங்கேயே அடக்கம் செய்வார்கள்.

"எங்கட சனத்தின்ரை கண்ணிலை காட்டாமல் எப்பிடித் தங்கச்சி?" என்றார் வாமதேவன். "அரசாங்கம், அசோசியேஷன் எல்லாத்தோடையும் நான் கதைக்கிறன். எவ்வளவு நாள் எண்டாலும் கொண்டு வருவம்."

"அப்பாவை இஞ்சை கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றாள் தயானி. வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். "நான் அவரைப் பாக்கோணும். அம்மா, ப்ளீஸ்."

பேர்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"இப்ப அவரோடை ஆர் இருக்கினம் எண்டு கேள்."

தயானி கேட்டாள். "அந்த ரோஸ் மதாமாம். நேற்றிலையிருந்து பக்கத்திலையே இருக்கிறாவாம். ஈ இலையான் அண்டாமல் விசிறிக்கொண்டு…"

பேர்ளி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கையில் கேசரியின் நெய் பிசுபிசுத்தது.

"முள்ளிவாய்க்கால்லை அம்மம்மாவை நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு உனக்கு நினைவிருக்கோ?"

தயானிக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"ஓம்" என்றாள் தயானி. "றோட்டிலை விட்டிட்டு வந்தனாங்கள். சீலையாலை முகத்தை மூடிப்போட்டு."

"மண் போட ஏலாமல் போச்சு. உங்கடை அப்பாவும் அப்பிடிக் கிடக்க வேண்டாம் பிள்ளை. நாளைக்கே செய்யச் சொல்லு."

"நோ."

"சொல்லு, தயானி."

கடைக்கு மேலே எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வாமதேவன் கல்லாவின் விளிம்பைத் தடவினார். தயானி கைபேசியைக் காதில் வைத்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் பிரெஞ்சில் சம்மதம் சொன்னாள். வைத்ததும் தாயின் கையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வீடிருந்த எபினேக்கு ரயிலில் போகும்போதும் தனி இருக்கையில்தான் இருந்தாள்.

திங்கட்கிழமை எபினே-சூர்-செய்ன் வீட்டின் சின்ன முன்னறை நிறையச் சனம். அருட்பிரகாசத்தின் படம் ஒன்றும் மெழுகுதிரி ஒன்றும் மேசையில் இருந்தன. தீவின் காலை ஒன்பது என்றால் பாரிசில் பின்னேரம் மூன்று. அங்கே ஆஸ்பத்திரிக்கு வெளியே வலையமைப்பு விழுந்து கிடந்ததால் படமோ குரலோ வர வழியில்லை. தெரிந்தது நேரம் மட்டும்தான்.

மூன்று மணிக்குப் பேர்ளி எழுந்து நின்றாள். எல்லோரும் எழும்பினார்கள். செபமாலை சொன்னார்கள். சைவக்காரரான வாமதேவன் கைகட்டி, சொல்லத் தெரியாத இடங்களில் உதட்டை மட்டும் அசைத்தார். பாதியில் படுக்கையறைக் கதவு திறந்தது. முதல்நாள் இரவிலிருந்து அதைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்த தயானி வந்து தாயோடு தோள் முட்ட நின்றாள்.

செபமாலை முடிந்தது. மூன்றரை ஆகிவிட்டது.

"அம்மா" என்றாள் தயானி தாழ்ந்த குரலில். "முடிஞ்சிருக்குமே?"

"தெரியேல்லை."

"இன்னும் துவங்காமலும் இருக்கலாம், என்ன?"

"ஓம். இருக்கலாம்."

பின்வரிசையில் நின்ற வாமதேவன் முழங்கால் வலியில் ஒரு கையால் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஆனால் உட்காரவில்லை. ஒருவரும் உட்காரவில்லை. எப்போது உட்காரலாம் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.