எட்டாவது செவ்வாயின் ரொட்டி

எனக்கும் அந்தோணியாருக்கும் எந்த ஒட்டும் உறவும் இருந்ததில்லை. நான் பெக்கோக் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் மொட்டை போட்டு வளர்ந்தவன். ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்ட இருபத்திரண்டு வருஷமும் அவளைத் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு, எதிரே மாமாக் டீக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு காத்திருந்தவன். உள்ளே வாங்க என்று அவளும் இழுத்ததில்லை.

அவளுக்குக் கல்லீரலில் கட்டி என்று டாக்டர் சொன்ன வாரம்தான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"என்னங்க, எனக்காகப் பதிமூணு செவ்வாய் அந்தோணியார் கோவிலுக்குப் போய்ட்டு வரீங்களா? என்னால அவ்வளவு நேரம் உக்கார முடியல."

"நான் போனா உங்க அந்தோணியார் உள்ள விடுவாரா?"

"அவரு யாருகிட்டயும் ஐசி கார்டக் காட்டுன்னு கேக்கமாட்டாரு லா."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாலை பாசீர் கூடாங் ஃபேக்டரியில் வேலை முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளில் நேராகக் கோவிலுக்குப் போவேன். மண்டியிட வேண்டிய இடத்தில் பக்கத்து ஆளைப் பார்த்து மண்டியிடுவேன். பூசை முடிந்ததும் ஃபாதர் ஆசீர்வதித்த ரொட்டியைக் கொடுப்பார்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். கோவில் சமையலறையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து சுடுவது. உடம்பு படுக்கையில் விழும்வரை பதினோரு வருஷம் அதற்கு மாவு பிசைந்தது ஜெசிதான்.

மாசாய் ஃபிளாட்டுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தால் சிலுவை போட்டுக்கொண்டு வாங்குவாள். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவள் அதை மட்டும் துணுக்கு சிந்தாமல் சாப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் ஒரு விள்ளல் எனக்கும் நீட்டுவாள். "உனக்குக் கொடுத்தது, நீ சாப்பிடு" என்று கையைத் தள்ளிவிடுவேன். நான் தின்றுவிட்டால் அவளுக்குக் கிடைக்க வேண்டிய சுகம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும் என்று ஒரு பயம். நம்பிக்கை இல்லாதவனுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

எட்டாவது செவ்வாய் காலையில் ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மருந்து கேட்கவில்லை, இனி வலிக்குத்தான் பார்க்கலாம் என்றார் அந்த டாக்டரம்மா. வயதில் சின்னப் பெண். பாவம், தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மலாயில் மெதுவாகச் சொன்னார். ஜெசியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் கோவில் வாசல் வரைக்கும் போனேன். வண்டியை நிறுத்தும்போது உள்ளே பாட்டு தொடங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஏழு வாரம் முட்டி தேய மண்டி போட்டிருக்கிறேன். எனக்காகவா கேட்டேன்? பதினோரு வருஷம் உனக்கு மாவு பிசைந்தவளுக்காக. உள்ளே வரமாட்டேன், போய்யா என்று வாய்விட்டே சொல்லிவிட்டு மாமாக் கடையில் போய் உட்கார்ந்தேன். பூசை முடிந்து கூட்டம் கலைகிறவரை அசையவில்லை.

எழுந்தபோதுதான் வெறுங்கையோடு போக முடியாது என்பது உறைத்தது. கோவில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற நேரத்தில் போய் நிற்கவும் ரோஷம் விடவில்லை. பக்கத்து சீனர் கடையில் சின்னதாக ஒரு பன் வாங்கி, கோவிலில் சுற்றித் தருவது மாதிரி வெள்ளைத் தாளில் சுற்றிக்கொண்டேன்.

ஜெசி சிலுவை போட்டாள். கடித்தாள். மெல்லுவது கொஞ்சம் நின்றது.

"இன்னைக்கு இனிப்பா இருக்குங்க."

"மாவுல சீனி கூடிப் போயிருக்கும்."

என் முகத்தையே பார்த்தாள். "இருக்கும்," என்றாள். மீதியையும் சாப்பிட்டாள். அன்றைக்கு மட்டும் எனக்கு விள்ளல் நீட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பக் களைச்சிப் போயிருக்கீங்க, போய்க் குளிச்சிட்டுப் படுங்க" என்றாள்.

அடுத்த செவ்வாய் ரொட்டி கொடுக்கிற கிருஷ்ணம்மா அக்காவிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அந்த அக்கா என்னை மாதிரிதான், நெற்றியில் விபூதியோடு வருகிறவர். மகனுக்கு நேர்ந்துகொண்டு வந்து, அது பலித்ததும் அங்கேயே தங்கிவிட்டவர்.

"நடுவுல ஒரு வாரம் விட்டுட்டா என்னக்கா பண்றது?"

"என்ன பண்றது? மொதல்ல இருந்துதான் தம்பி. ஒண்ணுல இருந்து."

அன்றே ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஜெசியிடம் ஒன்பது என்றேன். அதற்குப்பின் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். நான் பதின்மூன்றை முடிக்கிறவரைக்கும் அவள் இருக்கட்டும். பிழை என்னுடையது, அவள்மேல் போட்டுவிடாதே. ஓவர்டைம் கேட்ட சூப்பர்வைசரிடம் சண்டை போட்டேன். காய்ச்சலோடும் போனேன், மழையிலும் போனேன்.

அவள் கணக்கில் பதின்மூன்றாவது செவ்வாய் வந்தது. எனக்கு அது ஐந்து. அதற்குள் அவள் உடம்பில் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினேன்.

"முடிஞ்சிருச்சு ஜெசி. பதிமூணு."

கண்ணைத் திறந்தாள். "உங்க மனசுக்கு முடிஞ்சதுன்னு தோணற வரைக்கும் போங்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும்."

வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

மீதி எட்டு வாரமும் போனேன். பக்தி என்று நினைக்க வேண்டாம். சொன்ன சொல்லுக்காகப் போனேன், பாதி அவரோடு சண்டை போடவும் போனேன். ஒரு செவ்வாய், ஒரே ஒரு செவ்வாய் வராததற்கா இந்தத் தண்டனை என்று அந்தச் சுரூபத்துக்கு முன்னால் நின்று கேட்பேன். கிருஷ்ணம்மா அக்கா நீட்டும் ரொட்டியை வாங்காமல் வெளியே வந்துவிடுவேன். கொண்டுபோய் யாருக்குக் கொடுப்பது?

கடைசி செவ்வாயன்று அக்கா விடவில்லை. சட்டைப் பையிலேயே திணித்துவிட்டார். "ஜெசி கை பட்ட மாவு மாதிரி வராது. இருந்தாலும் சாப்பிடு தம்பி."

வீட்டுக்கு வந்து, அவள் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். இனிமேல் யாருடைய சுகமும் குறையப்போவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ரொட்டியைக் கடித்தேன்.

உப்பு. வெறும் மாவும் உப்பும். மருந்துக்குக்கூட இனிப்பு இல்லை.

பதினோரு வருஷம் பிசைந்தவள். அந்த மாவில் சீனியே போடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? முதல் கடியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்தப் பன்னை ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறாள். தின்றுவிட்டு, நான் களைத்துப்போயிருக்கிறேன் என்று என்னைத் தூங்க அனுப்பியிருக்கிறாள்.

கையில் மிச்சம் இருந்ததில் ஒரு விள்ளல் பிய்த்து, கட்டில் இருந்த பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே, ஜெசி.