ஆலோசனை அறைக்குப் போன கேபிள்

பள்ளிக்கூடத்தின் பழைய நெட்வொர்க்கைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் திட்டம் போடும் வேலையை அவளிடம் ஒப்படைத்தது அவளுடைய சொந்த அக்காதான். அக்கா அங்கே தலைமை ஆசிரியை. தன் மகளும் அங்கேதான் ஆறாம் வகுப்பு படித்தாள் என்பதால், தங்கை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, எந்த கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேபிள் மட்டும் வரைபடத்தில் இல்லை. ஆனால் அதில் ஏதோ தகவல் விடாமல் போய்க்கொண்டிருந்தது. சுவரோரமாகக் கையால் தடவிக்கொண்டே பின்தொடர்ந்தாள். அது ஆலோசனை அறையின் கூரைக்குள் நுழைந்தது.

மனக்கஷ்டம் உள்ள பிள்ளைகள் கவுன்சிலரோடு தனியாகப் பேசும் அறை அது. ஏணி போட்டு ஏறிக் கூரைப் பலகையை நகர்த்தினாள். பிள்ளைகள் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே, கட்டைவிரல் அளவில் ஒரு மைக்.

"என்னங்க, எலி கிலி செத்துக் கிடக்குதா?" என்று கீழே நின்ற கவுன்சிலர் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

நேரே அக்காவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்த மைக்கை யாருக்கா வச்சது?"

அக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான்தான். போன வருஷம் ஒரு பொண்ணு மாடியிலேருந்து குதிச்சாளே. அதுக்கு முந்தின வாரம் அந்த ரூம்ல உட்கார்ந்து அழுதிருக்கா. எனக்கு ஒரு வார்த்தைகூட தெரியல. இனிமே அப்படி நடக்க விடமாட்டேன்."

"அதுக்காக ஒட்டுக் கேக்குறதா?"

"ஆமா. புது பிளான்ல எல்லா கிளாஸுக்கும் ஒண்ணு போட்டுடு. நீ செஞ்சா வெளியில பேச்சு போகாது."

"என்னால முடியாது. கவுன்சிலர்கிட்டயும் சொல்லப்போறேன்."

அக்கா அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "சொல்லிக்கோடி."

சொன்னாள். கவுன்சிலரின் முகம் வெளிறிப்போனது. மதியமே அவர் அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பாப்பாவை வேற ஸ்கூல்ல சேர்த்துடலாம்."

மறுநாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" குரலில் கோபமே இல்லை. "பாப்பாவை மட்டும் மாத்தாதே. அவ இங்க இருந்தாதான் எனக்கு நிம்மதி."

அவள் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில், வீட்டுப்பாடத்துக்காகப் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருந்த டேப்லெட், தண்ணீர்ச் செம்பில் சாய்ந்து நின்றது. நேற்றும் அங்கேதான் நின்றது.

எட்டி அதை அணைத்தாள்.

"அணைச்சிட்டியா?" என்றாள் அக்கா.

அவள் போனை வைத்தாள். மகளை அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. மகளின் வகுப்புப் பெற்றோர் பட்டியலை எடுத்து, முதல் எண்ணை அழைத்தாள்.

"நான் சொல்றதைக் கேக்குறதுக்கு முன்னாடி," என்றாள், "கொஞ்சம் வீட்டை விட்டு வெளியில வாங்க."