கொடுக்குள்ள ஆண்

பயிர்காப்புச் சபைக்கு ஒரேயொரு பூச்சி அவதானிப்பாளர் வேண்டியிருந்தது. தொண்ணூற்று நான்காம் ஆண்டு, கிளிநொச்சியில் நேர்முகம். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வட்டக்கச்சி சுமித்திரா. விலங்கியல் பட்டதாரி. அவள் வீட்டில் பட்டம் என்றால் அதுவரை நூல் கட்டிப் பறக்கவிடுவதுதான். மற்றவன் றொமேஸ். சபைத் தலைவர் அல்பேர்ட்டின் தங்கை மகன். அவனுடைய தகுதி அவ்வளவுதான்.

அல்பேர்ட் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும். குரல் இன்னும் காலைப் பிரார்த்தனையில்தான் நின்றது.

"பிள்ளை, நீங்கள் தோட்டப்பக்கமோ?"

எந்தத் தோட்டத்தைக் கேட்கிறார் என்று சுமித்திராவுக்குத் தெரியாதா? தகப்பன் பழனியாண்டி மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து பதினேழு வருஷம்.

"ஓம் சேர். பாகல் தோட்டம். காயெல்லாம் புழு."

"வெயிலுக்குள்ள சைக்கிள்ள திரியிற வேலை. பொம்பிளைப்பிள்ளை எண்டா நாளைக்குக் கலியாணம், அடுத்த வருஷம் பிரசவ லீவு. சபை என்ன செய்யிறது?"

"இலையானைப் பாத்துச் சொல்லத்தானே கூப்பிட்டனீங்கள்?"

வெள்ளைத் தாளில் அன்று காலை பிடித்துச் சாகடித்த பத்துப் பழ இலையான்கள், பாகலைக் கெடுக்கிற ஈக்கள், கிடந்தன. பெண்ணைப் பிரித்துக் காட்ட வேண்டும். காயைக் குத்தி முட்டை வைப்பது பெண்தான். அது நிற்கிற தோட்டத்துக்குத்தான் ஆபத்து. சுமித்திரா உருப்பெருக்கிக் கண்ணாடியோடு சன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். ஆறுக்கு வால்நுனி ஊசிபோல் நீண்டிருந்தது. நாலுக்கு மொட்டை. ஆறையும் பெண் என்று ஒதுக்கினாள். றொமேஸ் கண்ணாடியைத் தொடாமலே அந்த நாலையும் பெண் என்று காட்டினான்.

அல்பேர்ட் தாமே எழுதிய விடைத்தாளை விரித்தார். "கொடுக்குள்ளது ஆண். மொட்டை பெண்."

"அது கொடுக்கில்லை சேர். முட்டை வைக்கிற ஊசி."

"ஆயுதம் வைச்சிருக்கிறது ஆண்தான் பிள்ளை. அது இயற்கை."

அந்த நேரம் பார்த்து, தோளில் துவக்குத் தொங்க இரண்டு இயக்கப் பெட்டைகள் றோட்டில் சைக்கிள் மிதித்துப் போனார்கள். அல்பேர்ட்டுக்குச் சன்னல் முதுகுப் பக்கம்.

"சொல்லையே பாருங்கோவன். இலையான். ஆன் எண்டு முடியுது. பெண் எண்டா இலையாள் எண்டெல்லோ வந்திருக்கும்? இப்ப மாத்திச் சொன்னாலும் முழுப் புள்ளி போடுறன்."

ஒரு சொல்தான். மாற்றினால் இரண்டு வருஷமாகத் தேடிய வேலை கைக்கு வந்துவிடலாம். சுமித்திராவின் வாய் திறந்ததும் உண்மை. ஆனால் கை முந்திக்கொண்டது. குண்டூசியை எடுத்து, அவர் ஆண் என்ற ஒன்றின் வயிற்றை மெல்ல அழுத்தினாள். வால் ஊசியின் நுனியால் வெள்ளை வெள்ளையாய் முட்டைகள் வந்து விடைத்தாளில் ஒட்டின.

குறிப்பெழுத இருந்த விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

அல்பேர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். முட்டை அங்கேயே இருந்தது.

"எழுதும் பிள்ளை," என்றார் விமலேஸ்வரியிடம். "விதிவிலக்காக ஓர் ஆண் முட்டை இட்டது."

"அவருக்குப் பிரசவ லீவு எத்தினை நாள் சேர்?" என்று கேட்டாள் சுமித்திரா.

வேலை றொமேசுக்குப் போனது. ஒரு மாதத்தில் அவனுடைய முதல் அறிக்கை சங்கக்கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. 'வட்டக்கச்சித் தோட்டங்களில் பிடிபட்டவை யாவும் ஆண். ஆதலால் புழுவுக்கு இடமில்லை. மருந்து வழங்கப்படமாட்டாது.'

பழனியாண்டி ஒரு பாகற்காயைப் பிளந்து மகளிடம் நீட்டினார். உள்ளே புழு நெளிந்தது.

"அப்ப இதெல்லாம் ஆம்பளைங்க பெத்த புள்ளைங்களாம்மா?"

சுமித்திரா தோட்டத்துக்குள் இறங்கினாள். நன்றாக அழுகியதாய்ப் பார்த்து ஏழு காய் பிடுங்கினாள். பழைய பேப்பரில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினாள். வெயிலுக்குள் மிதித்துப் போய் அல்பேர்ட்டின் மேசையில், இன்னும் அங்கேயே கிடந்த விடைத்தாளுக்கு மேலேயே வைத்தாள். பொதியில் பட்டதாரிக் கையெழுத்தில் ஒரு வரி:

'தகப்பனும் பிள்ளைகளும் நலம்.'