உரையைத் தாண்டும் வழி

இளைஞர் நலத் துறை இயக்குநருக்கு அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மைக்செட். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. தன் குரல் கடைசி வரிசைவரை எட்டுவதை மெச்சி வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டு உள்ளூர மகிழ்ந்திருந்தார்.

அன்று காலை கண்ணாடிமுன் டை கட்டியபடி அவர் ஒத்திகையில் இருந்தபோது, மகள் ஊன்றுகோலோடு வாசற்படியில் வந்து நின்றாள். பள்ளி வாலிபால் அணியில் இருப்பவள். எகிறிக் குதித்ததில் முட்டி பிசகி, ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் நடமாடுகிறாள்.

"அப்பா, ஒரு நிமிஷம். எனக்கு ஆஸ்பத்திரில குடுத்த வலி மாத்திரை மிச்சம் இருக்குல்ல? எங்க டீம்ல ஒருத்தி அத..."

"மாத்திரை!" என்று இயக்குநர் திரும்பினார். மேடையில் பெயர் வாசித்ததும் எழுவாரே, அந்தத் தோரணை. "இதைத்தாம்மா நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறேன். வலியைத் தீர்க்க வந்த மருந்தே வாழ்வைத் தீர்த்துவிடும் அவலம்! அபினின் வாரிசுகளான இந்த மாத்திரைகள்..."

வாரிசுகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவிட்டு மூச்சு வாங்கியபோது வாசற்படி காலியாக இருந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லப்பா," என்றது கூடத்து சோபா. "டை கோணலா இருக்கு."

மனசில் ஏதோ சுருக்கென்றது. கீழே கார் ஹார்ன் அடித்தது. சுருக்கென்றதை அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

அன்றைக்கு அவர் துறை தயாரித்த வீடியோ கேமின் வெள்ளோட்டம். பிள்ளைகள் வலி மாத்திரைக்கு அடிமையாகாமல் தடுக்க ஒரு கேம் என்பது வடிவமைப்பாளரின் யோசனை. அவள் சின்னப் பெண், அதிகம் பேசமாட்டாள். கேமில் தோளில் அடிபட்ட விளையாட்டு வீரன் ஒருவன் வருவான். சிநேகிதர்கள் பலவிதமாக வந்து மாத்திரை கேட்பார்கள், மாத்திரை நீட்டுவார்கள். என்ன பதில் சொல்வது என்று ஆடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கெஞ்சல், கிண்டல், கோபம் என்று சிநேகிதர்களின் பேச்சை எழுதுவதற்காகவே அவள் பல மாதம் பள்ளி மைதானங்களில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டிருந்தாள்.

இயக்குநர் சேர்த்தது ஒன்றே ஒன்று: தன்னை. மாத்திரையை மறுத்ததும் திரை ஒளிரும். கோட்டு சூட்டோடு அவர் தோன்றி உரையாற்றுவார். முடிவெட்டி முடிக்கிற நேரம் பிடிக்கும். நடுவில் நிறுத்த முடியாது.

"சார், தாண்டிப் போக ஒரு பட்டன் வைக்கலாமா?" என்று வடிவமைப்பாளர் கேட்டிருந்தாள்.

"பரிசை யாராவது தாண்டிப் போவாங்களாம்மா?" என்று அவர் சிரித்திருந்தார்.

ஒரு பள்ளியின் கூடத்தில் பிள்ளைகள் கணினிகளுக்கு முன் உட்கார்ந்தார்கள். இயக்குநருக்கு மேலதிகாரியான செயலர் முன்வரிசையில் சாய்ந்திருந்தார். சுவரில் பெரிய திரை: யார் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அதில் இரண்டு கம்பங்கள் காட்டும். மறுத்தவர்களுக்குப் பச்சை, வாங்கிக்கொண்டவர்களுக்குச் சிவப்பு.

முதலில் பச்சைதான் ஏறியது. இயக்குநர் செயலரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு எல்லாக் கணினியிலிருந்தும் அவர் குரல் முன்பின்னாகக் கிளம்பியது. "அன்பார்ந்த இளைய சமுதாயமே..." ஒரு பெண் மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். ஒருவன் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தான். குசுகுசுவென்று ஏதோ ஒன்று வரிசை வரிசையாகப் பரவியது.

அடுத்த கட்டத்தில் சிவப்பு ஏறியது. அதற்கடுத்ததில் கூரையை முட்டியது. பச்சை, தேய்ந்த பென்சில் மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டது. கேமில் வீரன் மயங்கி விழுந்தான், ஆட்டத்தைக் கோட்டைவிட்டான், ஆம்புலன்சில் போனான். பிள்ளைகள் உற்சாகமாக அடுத்த மாத்திரைக்குக் காத்திருந்தார்கள்.

செயலரின் முகத்தில் ஈயாடவில்லை. "என்னய்யா இது? தடுக்கறதுக்கு கேம்னு சொன்னீங்க, பந்தி வெச்சிருக்கீங்க?"

இயக்குநர் முன்வரிசைப் பெண் ஒருத்தியிடம் குனிந்தார். "ஏம்மா, அந்த மாத்திரை மேல அவ்வளவு ஆசையா?"

"ச்சே, இல்ல சார். அதப் போட்டா நீங்க வரமாட்டீங்க."

கூடம் சிரித்தது. வடிவமைப்பாளர் மட்டும் சிரிக்காமல், தன் காலணியில் எதையோ வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது செய்தி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"உங்களத் தாண்டறதுக்கு பள்ளிக்கூடமே மாத்திரை போட்டுச்சாமே?" என்றாள் மகள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரல் இறங்கியது. "நானும் அதத்தாம்பா பண்றேன். வாயத் திறந்தா உரை வரும். அதனால 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லித் தாண்டிடறேன்."

காலையில் சுருக்கென்றது இப்போது மறுபடி குத்தியது. 'எங்க டீம்ல ஒருத்தி அத...' அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன? அவர் தொண்டையைச் செருமினார். தொண்டையைச் செருமினால் அடுத்து என்ன வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மனைவி பிஸ்கட் தட்டை அவர்முன் நகர்த்தினாள்.

"ஒண்ண வாயில வெச்சுக்குங்க. அவ பேசட்டும்."

வைத்துக்கொண்டார்.

"எங்க டீம்ல பந்தத் தூக்கிக் குடுப்பாளே, அவளுக்கு விரல் வீங்கிப்போச்சு. என் மாத்திரைல ரெண்டு குடுன்னு கேக்கறா. மேட்ச் முடிஞ்சா மறந்துடலாம்ங்கறா."

இயக்குநரின் நாக்கு நமநமத்தது. இன்னொரு பிஸ்கட்.

"நான் குடுக்கல. ஆனா முடியாதுன்னும் சொல்லல. நாளைக்கு வீட்டுக்கே வர்றாளாம். முடியாதுன்னா, 'பெரிய டைரக்டர் பொண்ணு, புத்தி சொல்ல வந்துட்டா'ம்பா. டீம்ல எனக்கு இருக்கறதே அவ ஒருத்திதாம்பா. எப்படிச் சொல்றது?"

பிஸ்கட்டை விழுங்கினார். மாத்திரையின் வரலாறு அவருக்குத் தெரியும். வேதியியல் தெரியும். ஒரு சிநேகிதியிடம் முகம் கோணாமல் முடியாது என்று சொல்வது எப்படி என்று தேடிப் பார்த்தார். அத்தனை உரையிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றார்.

மனைவி அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"கேம்ல என் உரை இல்லாத பழைய பிரதி ஒண்ணு இருக்கு. கேம் பண்ணின பொண்ணு குடுத்தா, நான்தான் பிரிக்கல. ஆடிப் பாக்கலாமா?"

மடிக்கணினிமுன் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். "ஐயோ, அப்படியே அவளாட்டமே பேசுதுப்பா!" என்றாள் மகள். கறாராக மறுத்தாள், கேமின் சிநேகிதி முறைத்துக்கொண்டு போய்விட்டாள். பொய் சொன்னாள், மாட்டிக்கொண்டாள். இயக்குநர் ஒரு பதில் எடுத்துக் கொடுத்தார். சிநேகிதி கொட்டாவி விட்டாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி மறுபடி ஆடி, கடைசியில் மகள் ஒன்றைப் பிடித்தாள்: "மாத்திரை எங்க வீட்டுலயே இல்லடி. வா, வலிக்கற எடத்த எனக்குப் பயிற்சி குடுக்கற பிசியோகிட்ட காட்டலாம், நானும் வர்றேன்." கேமின் சிநேகிதி முணுமுணுத்தபடி கூட நடந்தாள்.

"ஆனா மாத்திரை இருக்கேப்பா."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். 'மீந்த மாத்திரையை வீட்டில் வைக்காதீர்' என்று ஊரெல்லாம் முழங்கியதற்கு அவருக்குக் கிடைத்த கேடயத்தின் மேலேயே மாத்திரை அட்டை சாய்ந்திருந்தது. வாயில் வைத்துக்கொள்ளப் பிஸ்கட்டும் தீர்ந்திருந்தது; அட்டையை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பினார்.

தெருமுனை மருந்துக் கடையில் மீந்த மருந்தைப் போடுவதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. கடைக்காரர் அட்டையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இதப்போய் இத்தன நாள் வீட்டுல வெச்சிருந்தீங்களா? இந்தக் காலத்துப் பசங்க எப்படின்னு ஒங்களுக்குத் தெரியாது, சொல்றேன் கேளுங்க..."

"ம்ம், சொல்லுங்க," என்றார் இயக்குநர். மகள் ஊன்றுகோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மறுநாள் சிநேகிதி வந்தாள். முறைத்தாள், "போடி, டைரக்டர் பொண்ணு" என்றாள், புதிதாக வாங்கிவைத்த பிஸ்கட்டைக் காலி செய்தாள். அப்புறம் இரண்டு பேருமாக ஒருத்தி நொண்டிக்கொண்டும் ஒருத்தி விரலை ஊதிக்கொண்டும் பிசியோவிடம் போனார்கள்.

கேமும் மாறியது. இயக்குநர் இப்போதும் அதில் இருக்கிறார், ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி. தொட்டால் "ம்ம், சொல்லு" என்பார், அவ்வளவுதான். அடுத்த வெள்ளோட்டத்தில் பச்சைக் கம்பம் திடமாக ஏறியது. பிள்ளைகள் வேண்டுமென்றே வழியைவிட்டு விலகிப் போய் அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

செயலருக்கு ஒரே பூரிப்பு. வெளியீட்டுக்கு முன் இயக்குநரின் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"பிரமாதம்யா. நடுவுல என் வாழ்த்துரை ஒண்ணு மட்டும், சின்னதா..."

வடிவமைப்பாளர் குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். இயக்குநர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தட்டை வெளியே எடுத்தார்.

"முதல்ல ஒரு பிஸ்கட் எடுத்துக்குங்க சார்."